3கே போய் 5கே வந்த கதை: மலைநாட்டில் பழைய காருக்கு எஞ்சின் மாற்றுவது எப்படி

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில், நானுஓயாவுக்குக் கொஞ்சம் முன்னால், என் டொயோட்டா கேஈ30 கொரொல்லாக் காரை ஒரு லொறி முந்திக்கொண்டு போனது. உரமூட்டை நிறைய ஏற்றிய லொறி. நான் இரண்டாம் கியரில் இருந்தேன், எக்ஸலரேட்டர் தரையோடு ஒட்டியிருந்தது. லொறியின் கிளீனர் பையன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் அதிலிருந்த 3கே எஞ்சினை மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

அதற்குப் பிறகு என்னுடையதையும், தெரிந்தவர்கள் சிலருடையதையும் சேர்த்து ஐந்தாறு வண்டிகளில் இந்த வேலையைப் பக்கத்தில் நின்றும் கை கொடுத்தும் பார்த்துவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் எங்கே காசு வீணாகப் போகும், எங்கே கை சுடும் என்று தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வண்டிகளுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தில், இருக்கிற வண்டியைக் காப்பாற்றிக்கொள்வோம் என்று பலரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். புதிதாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணம் முழுக்க என் கொரொல்லாதான். மற்ற வண்டிக்காரர்கள் அளவுகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில், எஞ்சின்தானா பழுது?

கராஜுக்குப் போய் மெக்கானிக்கிடம், "பாஸ், எஞ்சின் மாத்தணும்" என்றேன். எங்களுக்கு மெக்கானிக் என்றால் பாஸ். அவர் போனட்டைத் திறக்கவே இல்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொல்லி, நியூட்ரலில் போட்டு, ஒற்றைக் கையால் தள்ளிப் பார்த்தார். வண்டி நகரவில்லை. "தம்பி, பின் பிரேக் ரெண்டும் புடிச்சிக்கிட்டு நிக்குது. இதோட எந்த எஞ்சினப் போட்டாலும் இழுக்காது" என்றார்.

எனவே வண்டி இழுக்கவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா? கிளச் வழுக்குகிறதா? ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்தும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் அது கிளச். பிறகு எயார் பில்டர், பிளக்குக்கு மின்சாரத்தை வெட்டி விடும் பொயின்ட்டின் இடைவெளி, பிளக். பிளக்கைக் கழற்றினால் கரி பூசியதுபோலக் கறுப்பாக இருக்கிறதா? பெற்றோலையும் காற்றையும் கார்பரேட்டரால் கலக்கும் பழைய வண்டிகளில், மலையில் ஓடும்போது அது அடிக்கடி வரும். உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது, கார்பரேட்டரின் சின்னத் துளையான ஜெட் வழியாக வரும் பெற்றோல் அதே அளவில் குறைவதில்லை. அதனால் கலவையில் பெற்றோல் கூடிக் கொழுத்துப்போகிறது. அதைச் சரிசெய்தாலே பாதிப் பேருக்கு எஞ்சின் மாற்றும் ஆசை போய்விடும்.

இதெல்லாம் சரி, இன்னும் இழுக்கவில்லை என்றால் கொம்ப்ரஷன் பார்க்க வேண்டும், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று. இங்கேதான் மலைநாட்டுக்காரர்கள் ஏமாறுகிற ஒரு இடம் இருக்கிறது. கொம்ப்ரஷன் கேஜ் காட்டும் எண், வெளியே இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் பொறுத்தது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் 160 பிஎஸ்ஐ காட்டும் நல்ல எஞ்சின், நுவரெலியாவில் 130 பக்கம்தான் காட்டும். தலவாக்கலையில் 140 போல. கொழும்புக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு "கொம்ப்ரஷன் போயிட்டுது" என்று சொல்லி, நல்ல எஞ்சினை இறக்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே மொத்த எண்ணைவிட, நான்கு சிலிண்டர்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, எக்ஸலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சுற்ற வேண்டும். ஒன்றுக்கொன்று 15 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனியுங்கள். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. வால்வு மட்டும் என்றால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி வேலை செய்தால் போதும், எஞ்சின் மாற்றத் தேவையில்லை. என்னுடையதில் இரண்டாவது சிலிண்டரும் மூன்றாவதும் 90ஐத் தாண்டவில்லை. ஒயில் விட்டதும் 120. ரிங் தேய்ந்து, வண்டிக்குப் பின்னால் நீலப் புகை வேறு. சரி, இதற்கு மேல் வாதாடிப் பயனில்லை.

எந்த எஞ்சின்?

என் அபிப்பிராயம் ஒன்றுதான். அந்த வண்டிக்கு அண்ணன் தம்பி முறையான எஞ்சினைத் தேடுங்கள். மாற்றான் வீட்டு எஞ்சினைக் கொண்டுவந்து வெட்டி ஒட்டி ஏற்றுகிற வேலை, வெல்டிங் கையில் இருப்பவனுக்கும் நேரம் நிறைய இருப்பவனுக்கும் உரியது.

டொயோட்டா கே குடும்பம் இதற்கு நல்ல உதாரணம். 3கே 1,166 சிசி. 4கே 1,290 சிசி. 5கே 1,486 சிசி. மூன்றும் வார்ப்பிரும்பு புளொக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்), வால்வைத் தள்ளிவிடும் புஷ்ரொட் கம்பிகள், டைமிங் செயின். வெளியிலிருந்து பார்த்தால் கூடப்பிறந்தவை என்று தெரியும். மவுண்ட் பிடிக்கும் இடமும் கியர் பொக்ஸ் சேரும் முகமும் பொருந்திவருவதால், 3கே இருந்த இடத்தில் 5கே உட்காரும். எங்கள் ஊரில் லைட்ஏஸ் வேன்கள் நிறைய ஓடியதால் 5கே கிடைப்பதும் பாகங்கள் கிடைப்பதும் கஷ்டமில்லை. 7கே என்று இன்னொன்று இருக்கிறது, 1,781 சிசி. அதன் புளொக் உயரம் கூட. போனட், சைலன்சர் குழாய் எல்லாம் இடிக்கத் தொடங்கும். முதல் தடவை செய்கிறவர் அதைத் தொட வேண்டாம்.

1,166இலிருந்து 1,486 என்றால் 27 சதவீதம் அதிகம். பறக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். காற்று மெலிவதில் நுவரெலியாவில் எந்த எஞ்சினும் தன் பலத்தில் ஆறில் ஒரு பங்கையாவது இழக்கும். கணக்குப் போட்டால், நுவரெலியாவில் நிற்கும் 5கே குடிக்கிற காற்று, கொழும்பில் நிற்கும் 3கே குடிப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட. மலையில் எஞ்சின் பெரிதாக்குவது கொழும்புக்காரனுக்குச் சும்மா கிடைத்ததை நாம் காசு கொடுத்து வாங்குவது மாதிரி.

மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பெரிதாக்க நினைக்காதீர்கள். அந்தக் கியர் பொக்ஸும் பிரேக்கும் அந்த எடைக்கும் அந்தப் பலத்துக்கும் செய்தவை. அதே எஞ்சினை நன்றாக ஓவர்ஹோல் செய்யுங்கள், அல்லது அதே வகையில் நல்லது ஒன்றைப் போடுங்கள். மொரிஸ் மைனர்காரர்கள் ஹெட்டை இறக்கும்போது புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு உறுதியான சீட் போட்டுக்கொள்ளுங்கள். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது, அந்தக் காலத்து மென்மையான சீட்டுகள் ஈயத்தை நம்பி ஓடியவை.

காசு கொடுக்குமுன் காகிதம்

வண்டிப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். சிசி மாறினால் அதுவும் சேர்த்து. இதைச் செய்யாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விற்கப் போகும் அன்றோ, விபத்தில் இன்சூரன்ஸ் கேட்கும் அன்றோ அகப்படுவார்கள்.

அதனால் எஞ்சின் பார்க்கப் போகுமுன், திணைக்களத்தில் என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். கடையில் எஞ்சின் இலக்கம் எழுதிய பில்லும், இறக்குமதி செய்த எஞ்சின் என்றால் சுங்கத் தாளின் பிரதியும் கேளுங்கள். உள்ளூரில் உடைத்த வண்டியின் எஞ்சின் என்றால் அந்த வண்டியின் விவரம் வேண்டும். "அதெல்லாம் பிறகு தாறேன்" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். பிறகு தரமாட்டார்கள்.

இலக்கத்தை வாயால் கேட்டு எழுதக் கூடாது. புளொக்கில் அது வெட்டியிருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசுங்கள். எழுத்து அப்படியே தாளில் வரும். அந்தத் தாளைப் பில்லோடு பின் பண்ணுங்கள். உரசும்போது ஒரு எழுத்து மட்டும் ஆழமாகவோ சாய்ந்தோ இருந்தாலும், சுற்றியுள்ள இரும்பு மினுங்கினாலும், அந்த எஞ்சினை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

கடையில் நின்று பார்ப்பது

எஞ்சினுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தை. கண்டியிலும் கிடைக்கும். ஆனால் ஐந்து கடை ஏறி இறங்கி ஒப்பிட்டுப் பார்க்கப் பஞ்சிகாவத்தைதான் வசதி. காலையிலேயே போங்கள், பாஸையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய நாள் கூலியும் சாப்பாடும் பெரிய செலவாகத் தெரியும், ஆனால் தவறான எஞ்சினை ஏ7 வழியாக மேலே கொண்டுவந்து, திரும்பக் கீழே கொண்டுபோகும் செலவைவிட அது குறைவு.

ஒயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். பால் டொஃபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. கறுப்பாகத் தார் போலக் கட்டியிருந்தால் ஒயில் மாற்றாமல் ஓட்டிய எஞ்சின். தேன் நிறத்தில் மெல்லிய படலம் இருந்தால் சந்தோஷப்படலாம். பிளக் துளை வழியாக ஃபோன் டோர்ச் அடித்துப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். துரு தெரிந்தால் தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது. முன்னால் பெல்ட் ஓடும் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுங்கள், கையில் தெரிகிற அளவுக்கு ஆட்டம் இருக்கக் கூடாது. ஒரு ஸ்பனர் போட்டு இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரே மாதிரி எதிர்ப்பு வர வேண்டும்.

நான் முதலில் பார்த்த 5கே வெளியே வெள்ளிப் பெயின்ட் அடித்து மினுங்கிக்கொண்டு நின்றது. பாஸ் தண்ணீர் வெளியேறும் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் செங்கல்பொடி போலத் துரு. மூக்கில் வைத்து முகர்ந்து, "பவுடர் போட்ட கிழவி" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு நடந்தார். கடைக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டே பின்னால் வந்தார். அன்று மாலை வாங்கியது பெயின்ட் இல்லாத, அழுக்குப் பிடித்த, லைட்ஏஸ் வேனிலிருந்து இறக்கிய 5கே.

கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்டர், ஒல்டர்னேட்டர், ஃபிளைவீல், கிளச், காற்று உள்ளே போகும் மெனிபோல்ட், புகை வெளியே வரும் மெனிபோல்ட் இரண்டும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். ஒவ்வொன்றாகப் பிறகு வாங்கப் போனால் தலை சுற்றும். எஞ்சினுக்குக் கொடுக்கிற காசு எவ்வளவோ, அதே அளவு இன்னொரு முறை செலவாகும் என்று வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

தரையில் இருக்கும்போதே

எஞ்சின் வீட்டுக்கு வந்ததும் ஏற்றிவிடக் கை துடிக்கும். பொறுங்கள். தரையில் இருக்கும்போது ஒரு மணி நேர வேலை, உள்ளே போனபின் ஒரு நாள் வேலை. பின்பக்கத்து கிராங்க் சீல், முன் சீல், அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்பின் கேஸ்கட், தண்ணீர் பம்ப், தேர்மோஸ்டட், புளொக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகட்டு மூடிகள், கிளச் பிளேட், ரிலீஸ் பெயாரிங், கிராங்க் நுனியில் இருக்கும் சின்ன பெயாரிங். இவற்றையெல்லாம் புதிதாகப் போடுங்கள். டைமிங் செயின் கவரைத் திறந்து செயின் தொய்வைப் பாருங்கள். பின் சீல் வெறும் சின்ன ரப்பர் வளையம். அதை மிச்சம்பிடித்து, மூன்று மாதத்தில் கிளச் முழுக்க ஒயிலாகி, மறுபடி கியர் பொக்ஸை இறக்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்.

வேன் எஞ்சினைக் காருக்குள் போடும்போது மறக்கக் கூடாத விஷயம் சம்ப். வேனில் எஞ்சின் உட்காரும் விதம் வேறு, அதனால் சம்பின் வடிவமும் வேறு. காரின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். பழைய 3கேயின் சம்பைக் கழற்றி மாட்ட வேண்டும். சம்பை மட்டும் மாற்றினால் போதாது. உள்ளே ஒயிலை உறிஞ்சும் குழாயும் அதன் வலையும் அந்தச் சம்புக்கு ஏற்றதாக மாற வேண்டும். ஒயில் அளவுக் கம்பியும் அப்படியே. வேன் கம்பியைக் கார் சம்பில் விட்டுப் பார்த்தால் பொய் சொல்லும். மாட்டி முடித்தபின் அளந்து மூன்றரை லீற்றர் ஒயில் விட்டு, பில்டர் நிறைந்தபின் கம்பியில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, வேண்டுமானால் அரத்தால் புதுக் கோடு போடுங்கள். மவுண்ட் பிராக்கெட்டுகளும் காருடையவைதான்.

3கேயில் வால்வு இடைவெளியை நாமே வைக்க வேண்டும், சூட்டில் இன்டேக் 0.20 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட் 0.30. 5கே பலவற்றில் இடைவெளியை ஒயில் அழுத்தத்தால் தானே சரிசெய்யும் ஹைட்ரோலிக் டெப்பட், அதற்கு இந்தக் கணக்கு இல்லை. இரண்டு எஞ்சினின் புஷ்ரொட்களையும் ஒரே தட்டில் போட்டுக் கலந்துவிடாதீர்கள்.

கழற்றும் நாள்

மலைநாட்டில் முதல் பிரச்சினை சமதரை. எங்கள் வீட்டு முற்றமே சரிவு. கடைசியில் பக்கத்துத் தோட்டத்துப் பழைய ஸ்டோர் முன்னால் இருந்த சீமெந்துத் தரையில்தான் செய்தோம். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எஞ்சினைத் தூக்கும் செயின் புளொக்கை இரும்புச் சட்டத்தில் தொங்கவிடுங்கள். லயத்துக் கூரை மரத்திலோ, மாமரக் கிளையிலோ கட்டாதீர்கள். எஞ்சினும் கியர் பொக்ஸும் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும், அந்தக் கூரை உங்கள் தாத்தா காலத்தது.

பெட்டரி வயரை முதலில் கழற்றுங்கள், பூமி வயரிலிருந்து. போனட்டைக் கழற்றுமுன் பிணைச்சலைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டால் திருப்பி மாட்டும்போது மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தண்ணீர், ஒயில் வடித்து, ரேடியேட்டரை இறக்குங்கள். கழற்றுகிற ஒவ்வொரு வயரையும் குழாயையும் ஃபோனில் படம் எடுத்து, ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். நட்டுகளைத் தனித்தனித் தயிர்க் கோப்பைகளில் போடுங்கள். பின் சில்லுகளுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை உருவியதும் கியர் பொக்ஸின் பின்வாயால் ஒயில் கொட்டும். ஒரு பொலித்தீன் பையைப் போட்டு ரப்பர் பட்டியால் இறுக்குங்கள். தூக்கும்போது எஞ்சினுக்குக் கீழே கையோ காலோ போகக் கூடாது. இதில் விளையாட்டு வேண்டாம்.

நாலு கியர் பொக்ஸை ஐந்து கியர் கே50 ஆக்குவது இதே சமயத்தில் செய்யக்கூடியது. ஆனால் கியர் லீவர் வெளிவரும் இடமும் ஷாஃப்டின் நீளமும் அளந்து பார்த்த பிறகு. மேலேயே ஓடுகிற வண்டிக்கு ஐந்தாவது கியர் பெரிதாகத் தேவைப்படாது. அடிக்கடி கொழும்பு போகிறவர் போட்டுக்கொள்ளலாம்.

உள்ளே ஏற்றுவது

கிளச் பிளேட்டைச் சரியாக நடுவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. பழைய கியர் பொக்ஸின் முன் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தால் அதைச் செருகி நடுப்படுத்துங்கள். இல்லாவிட்டால் தச்சரிடம் சொல்லி ஒரு கட்டைக் குச்சி கடைந்துகொள்ளலாம். ஃபிளைவீலைத் துடைத்து, எண்ணெய்க் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் கியர் பொக்ஸும் கையால் ஆட்டியே ஒட்டிச் சேர வேண்டும். சேரவில்லை என்று போல்ட்டைப் போட்டு இழுத்தால் பிளேட்டின் நடு உடையும், அல்லது கியர் பொக்ஸின் காது வெடிக்கும்.

அப்புறம், பூமி வயர். எஞ்சினிலிருந்து வண்டியின் உடலுக்குப் போகிற அந்தப் பின்னல் பட்டியை நான் மாட்ட மறந்துவிட்டேன். ஸ்டார்டரைச் சுற்றியதும் எஞ்சின் திணறியது. எக்ஸலரேட்டர் கேபிளிலிருந்து புகை வந்தது. ஸ்டார்டரின் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி இல்லாமல், அந்த மெல்லிய கேபிள் வழியாகப் போயிருக்கிறது. கேபிள் உறை உருகி உள்கம்பியோடு ஒட்டிக்கொண்டது. புதுக் கேபிள் தேடி அடுத்த நாள் ஹட்டன் போக வேண்டியதாயிற்று. பூமி வயரை எஞ்சின் உட்கார்ந்தவுடனேயே மாட்டிவிடுங்கள், துரு சுரண்டி, இரும்பு தெரிகிற இடத்தில்.

முதல் ஸ்டார்ட்

ஸ்டார்ட் பண்ணுமுன் நான்கு பிளக்கையும் கழற்றி வைத்து, வால்வுக் கவரைத் திறந்து, ஸ்டார்டரால் பத்து விநாடி சுற்றி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி சுற்றுங்கள். ஒயில் லைட் அணைய வேண்டும். வால்வுகளுக்கு மேலே இருக்கும் ரொக்கர் ஷாஃப்ட் மேல் ஒயில் கசிந்து வர வேண்டும். அது வரும்வரை பிளக்கைப் போடாதீர்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த எஞ்சினை உலர்ந்த பெயாரிங்கோடு ஓடவிட்டால் முதல் நிமிடத்திலேயே அதன் ஆயுளைத் தின்றுவிடும். சிலிண்டர்களைப் பற்றவைக்கும் வரிசை 1-3-4-2. பிளக் வயர் மாறினால் கார்பரேட்டர் வழியாகத் தும்மும்.

தண்ணீர் நிரப்பும்போது உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். இதற்கு மலைநாட்டுக்காரர்களுக்கு வசதி உண்டு. வண்டியின் மூக்கு மேலே பார்க்க ஒரு சரிவில் நிறுத்துங்கள். ரேடியேட்டர் வாய்தான் உயரமான இடம் என்று ஆகிவிடும். மூடி போடாமல் ஓடவிட்டு, ஹீட்டர் இருந்தால் திறந்துவிட்டு, குமிழி நிற்கும்வரை நிரப்புங்கள்.

தண்ணீரும் பிரேக்கும்

எஞ்சின் ஏறிய முதல் வாரம், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கண்டி போய்த் திரும்பினேன். புஸ்ஸல்லாவை தாண்டி, ரம்பொடை வளைவுகள் தொடங்கியதும் சூடு காட்டும் ஊசி ஏறத் தொடங்கியது. நீர்வீழ்ச்சி தெரிகிற வளைவுக்கு வரும்போது போனட்டின் இரு பக்கத்தாலும் ஆவி. அம்மா இறங்கி வீதியோரத்தில் உட்கார்ந்து, "பழசு மெதுவாப் போனாலும் நின்னதில்லையே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

தவறு என்னுடையதுதான். பழைய 3கே ரேடியேட்டரைச் சும்மா கழுவி மாட்டியிருந்தேன். ரேடியேட்டர் கடையில் மேல்தொட்டியைத் திறந்து காட்டியபோது, மூன்றில் ஒரு பங்குக் குழாய்கள் சுண்ணாம்பால் அடைத்திருந்தன. மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. பெரிய எஞ்சின் அதிகச் சூட்டைத் தள்ளும், அது எல்லோருக்கும் தெரியும். மலையில் இன்னொன்றும் சேர்கிறது. நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் அதற்கு மேலும் கொதிக்காமல் தாங்குகிறது. மூடி பழுது என்றால் கொழும்பில் தப்பித்த வண்டி ரம்பொடையில் தப்பாது. எனவே ரேடியேட்டரைப் பிரித்துக் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள், முடிந்தால் ஒரு வரிசை கூடிய கோர் போடுங்கள், அளவான அழுத்தத்தில் புது மூடி வாங்குங்கள். வெறும் குழாய்த் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் கலந்து விடுங்கள்.

"மலைக்குத் தேர்மோஸ்டட் தேவையில்ல, கழட்டி வீசு" என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். நுவரெலியா விடியற்காலைக் குளிரில் தேர்மோஸ்டட் இல்லாத எஞ்சின் சூடேறவே அரை மணி நேரம் எடுக்கும். அதுவரை பெற்றோலையும் தின்னும், சிலிண்டரையும் தேய்க்கும்.

பிரேக்கைப் பற்றி. ஏறுகிற மலையிலிருந்து இறங்கவும் வேண்டும். முன் சில்லுகளில் டிரம் பிரேக் உள்ள பழைய வண்டிக்குப் பெரிய எஞ்சின் போடுவதாக இருந்தால், எஞ்சின் வாங்குவதற்கு முந்தியே டிஸ்க் பிரேக் போடக் காசு ஒதுக்குங்கள். அது முடியாது என்றால் 4கேயோடு நின்றுகொள்ளுங்கள். பிரேக் திரவத்தையும் மாற்றுங்கள். அது வருடக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

கலவையும் டைமிங்கும்

எஞ்சின் ஓடிப் பழகியபின், வண்டி அதிகம் ஓடும் உயரத்தில் வைத்தே கார்பரேட்டரைச் சரிசெய்யுங்கள். கொழும்பில் வைத்து டியூன் பண்ணிக் கொண்டுவராதீர்கள். பிளக் நுனி காய்ந்த மண் நிறத்துக்கு வரும்வரை ஜெட்டை ஒரு அளவு சிறிதாக்கிப் பார்க்கலாம். மெல்லிய காற்றில் எரிவது மெதுவாவதால் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, ஒன்றிரண்டு பாகை முன்தள்ளினால் ஏற்றத்தில் வித்தியாசம் தெரியும். ஆனால் அப்படியே 92 ஒக்டேன் பெற்றோலோடு கொழும்புக்கு இறங்கி, வெயிலில் அழுத்தினால் எஞ்சினுக்குள் கூழாங்கல் குலுக்குகிற மாதிரிச் சத்தம் வரும். வந்தால் டைமிங்கைப் பழையபடி திருப்புங்கள். அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் பிஸ்டன் போகும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

முதல் நூறு கிலோமீட்டரில் மவுண்ட், சைலன்சர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். முதல் ஒயில் விலை குறைந்ததே போதும், 500 கிலோமீட்டரில் வடித்துவிடுங்கள், பில்டரோடு. வடித்த ஒயிலை வெள்ளைப் பேசினில் விட்டு வெயிலில் பாருங்கள். மினுமினுப்புக் கொஞ்சம் இருக்கும், அது பயப்பட வேண்டியதில்லை. செதில் செதிலாக இருந்தால் பாஸைக் கூப்பிடுங்கள். பிறகு நான் 15டபிள்யூ-40 விடுகிறேன், குளிர் காலையில் சீக்கிரம் மேலே ஏறுகிறது.

முதல் ஏற்றம் தனியாகப் போங்கள். ஐந்து லீற்றர் தண்ணீர், பழைய பெல்ட் ஒன்று, டோர்ச். தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை போய், நிறுத்தி, கீழே சொட்டுகிறதா என்று பார்த்து, நுவரெலியா வரை ஏறுங்கள். அது சரியாக வந்தால் ரம்பொடைக்கு இறங்கித் திரும்பி ஏறுங்கள். அதுதான் பரீட்சை.

பதிவைத் திருத்தத் திணைக்களத்துப் பரிசோதனைக்குப் போகும்போது பில், சுங்கத் தாள், பென்சிலில் உரசிய தாள், வண்டிப் புத்தகம் எல்லாம் ஒரே கோவையில் இருக்கட்டும். எஞ்சின் இலக்கம் இருக்கும் இடத்தை முதல் நாளே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வையுங்கள். இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வருடாந்த லைசன்ஸுக்குப் புகைப் பரிசோதனை இருக்கிறதல்லவா, கார்பரேட்டர் சரியாக இருந்தால் அதில் பிரச்சினை வராது.

பழைய எஞ்சினைப் பதிவு வேலை முடியும்வரை விற்காதீர்கள். என் 3கே இன்னும் வீட்டுக்குப் பின்னால் தகரத்துக்குக் கீழே இருக்கிறது. கார்பரேட்டரும் பெற்றோல் பம்பும் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், ஸ்டார்டர் ஒரு நண்பர் வண்டியில் ஓடுகிறது. மிச்சப் புளொக்கின் மேல் அம்மா துளசித் தொட்டி வைத்துவிட்டார். பழைய இரும்புக்காரர் வரும்போதெல்லாம் விலை கேட்கிறார், தொட்டியை யார் தூக்குவது என்றுதான் தள்ளிப்போகிறது.